எங்கள் ரேஷன் கடை: பொருளுக்கு ஒரு மதிப்பெண், சேவைக்கு வேறொரு மதிப்பெண்

உணவகங்களுக்கும் துணிக்கடைகளுக்கும் கைப்பேசிகளுக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதும் நாம், மாதம் தவறாமல் பை தூக்கிக்கொண்டு போய் நிற்கும் ஒரு கடையைப் பற்றி மட்டும் எழுதுவதில்லை. தமிழ்நாட்டில் 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நியாய விலைக் கடைகள் இருக்கின்றன. அவற்றை நம்பி ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் குடும்ப அட்டைகள் இருக்கின்றன. இத்தனை வாடிக்கையாளர்களைக் கொண்ட வேறொரு கடைத்தொடர் இந்த மாநிலத்தில் இருக்கிறதா என்பது சந்தேகம்தான். ஆனால் ரேஷன் கடை என்று பேச்செடுத்தாலே, எந்தக் கட்சி எதைக் கொடுத்தது, யார் வந்து எதை நிறுத்தினார் என்ற பக்கம் பேச்சு போய்விடுகிறது. எடை சரியாக இருந்ததா, அரிசி வெந்த பிறகு எப்படி இருந்தது, போன அன்றே எல்லாப் பொருளும் கிடைத்ததா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்கவேண்டிய சாதாரணக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. தஞ்சை மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் அந்தக் கேள்விகளை இங்கே கேட்கிறேன்.

முதலில் விலையைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அரிசிக்கு விலை கிடையாது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். சர்க்கரை மட்டும் 2017 நவம்பர் வரை 13 ரூபாய் 50 காசாக இருந்தது. பரம ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டை வைத்திருப்பவர்களுக்கு இன்றும் அதே பழைய விலைதான். கடைத்தெருவில் ஒரு கிலோ துவரம் பருப்பு நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட நாளில் முப்பது ரூபாய்க்கு அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர், மாதக் கடைசியில் அதன் அருமையை அறிவார். சமையலறைச் செலவை நேரடியாகக் குறைக்கும் அரசுத் திட்டம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் வேறு எதையும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

அரிசியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டும், ஏனென்றால் ஏச்சு முழுவதையும் வாங்கிக் கட்டிக்கொள்வது அதுதான். எங்கள் கடையில் வரும் புழுங்கல் அரிசி மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஒரு மாதம் நிறம் வெளுத்து, குருணை குறைவாக, சோறாக வடித்தால் உதிரி உதிரியாக வருகிறது. அடுத்த மாதம் மூட்டையைப் பிரிக்கும்போதே ஒருவகை ஊறல் வாடை எழும்புகிறது, எத்தனை முறை கழுவினாலும் கொதிக்கும்போது அந்த வாடை மீண்டும் மேலே வருகிறது. இதற்கான காரணத்தை டெல்டாவில் இருக்கும் எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நெல் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுப்பதில்லை என்ற விதியும், சாக்குத் தட்டுப்பாடும், லாரி வராததும் சேர்ந்து அந்த நெல்லைச் சாலையோரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நாள்கணக்கில் புழுங்க வைக்கின்றன. அப்படிப் புழுங்கிய நெல் அரவை முகவரிடம் போய், அவர் அதை அவித்து அரைத்து, கறுப்பு அரிசியைக் கலர் சார்ட்டர் இயந்திரத்தில் நீக்கி, ஐம்பது கிலோ மூட்டையாகத் திருப்பி அனுப்புகிறார். இயந்திரம் கறுப்பை நீக்கிவிடும், வாடையை நீக்காது. விவசாயியாக நெல்லைக் கொட்டிவிட்டு வாசலில் காத்துக் கிடந்தவரே சில மாதங்கள் கழித்து அட்டைதாரராக அதே நெல்லின் அரிசியை வாங்கி முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பது எங்கள் ஊரில் புதிதல்ல.

வாடையில்லாத மாதங்களில் இந்த அரிசியை நான் தாராளமாகவே பரிந்துரைப்பேன். இட்லிக்கும் தோசைக்கும் இதைவிட ஏற்ற அரிசி மளிகைக் கடையில் கிடைப்பது அரிது. நான்கு பங்கு ரேஷன் புழுங்கலுக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். நன்றாக ஊறவைத்து அரைத்தால் மாவு பொங்கி வருகிறது, இட்லி மிருதுவாக இருக்கிறது. ரேஷன் அரிசியை நாங்கள் தொடுவதே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பல வீடுகளின் தோசை மாவு எந்த அரிசியில் ஆனது என்பது அந்தந்த வீட்டுக் கிரைண்டருக்குத் தெரியும்.

‘பிளாஸ்டிக் அரிசி’ என்ற புகாருக்கு ஒரு வார்த்தை. அரிசியை ஊறவைக்கும்போது சில மணிகள் மட்டும் மேலே மிதக்கின்றன, நிறமும் சற்று மாறுபட்டிருக்கிறது, ஆகவே கலப்படம் என்று வாட்சப்பில் சுற்றிவருகிறது. அவை செறிவூட்டப்பட்ட மணிகள். அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைக் கலந்து அரிசி வடிவில் பிழிந்து எடுத்து, நூறு மணிக்கு ஒரு மணி என்ற விகிதத்தில் சேர்க்கிறார்கள். 2020-இல் திருச்சி மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கி, 2023-இல் மாநிலம் முழுவதும் இந்த அரிசி வந்தது. ஆனால் எங்கள் கடையில் இதை விளக்கும் ஒரு துண்டுத்தாள்கூட ஒட்டப்பட்டதில்லை. முதல்வர் படமும் அமைச்சர் படமும் உள்ள சுவரொட்டிக்கு இடம் இருந்தது. இரத்தசோகை உள்ள பெண்களுக்காக அரசு செலவழித்துச் சேர்க்கும் சத்தை அந்தப் பெண்களே பொறுக்கி எடுத்துக் குப்பையில் எறிகிறார்கள் என்றால், அதற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்றப் பொருள்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சர்க்கரை எப்போதும் நன்றாக இருக்கிறது, தலைக்கு அரைக் கிலோ வீதம் அட்டைக்கு அதிகபட்சம் இரண்டு கிலோ. பாமாயில் உறையில் வருவதால் அளவில் தகராறு இல்லை. இதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ கொடுக்கலாமே என்று தென்னை விவசாயிகள் தொடர்ந்து கேட்டு வருவது நியாயம்தான் என்பது என் கருத்து. பருப்பு சில மாதங்களில் துவரையாகவும் சில மாதங்களில் கனடா மஞ்சள் பருப்பாகவும் வந்திருக்கிறது. பின்னது சாம்பாருக்குச் சுமார். உளுத்தம் பருப்பு நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. அரிசிக்குப் பதிலாகக் கொஞ்சம் கோதுமை வாங்கிக்கொள்ளலாம் என்பது விதி. வந்த அன்று முதலில் நிற்பவர்களுக்குக் கிடைக்கும் என்பது நடைமுறை. மண்ணெண்ணெயைப் பற்றி எழுத எதுவுமில்லை.

இனி, மதிப்பெண் சரியும் இடத்துக்கு வருகிறேன். எங்கள் கடை ஒரு வாடகைக் கட்டடத்தின் முன்னறை. மூட்டைகளுக்குப் போக மிஞ்சிய இடத்தில் ஒரு மேசை, ஒரு மின்னணுத் தராசு, ஒரு விற்பனை முனைய இயந்திரம், கருவிழி பார்க்கும் சிறு கருவி, ஒரே ஒரு ஊழியர். கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இக்கடையில் விற்பனையாளர் ஒருவரும் பொருளை எடைபோட்டுத் தரும் கட்டுநர் ஒருவரும் இருக்கவேண்டும். கட்டுநர் பணியிடம் நீண்ட காலமாகக் காலியாக இருக்கிறது. ஆகவே அட்டையை வருடுவதும், விரல் ரேகை வாங்குவதும், எழுந்து போய் மூட்டையிலிருந்து அரிசியை வாளியில் அள்ளி வருவதும், தராசில் வைப்பதும், பையில் கொட்டுவதும், காசு வாங்கிச் சில்லறை கொடுப்பதும் அந்த ஒரே பெண்மணிதான். தராசை இயந்திரத்தோடு ப்ளூடூத் வழியாக இணைத்துவிட்ட பிறகு, ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகத் தராசில் ஏற்றி, குறித்த எடை வந்த பின்னரே அடுத்த பொருளுக்குப் போகமுடிகிறது. இணைப்பு அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாற்று நட்டும் களை பறித்தும் தேய்ந்துபோன விரல்கள். ஆள்காட்டி விரலை இயந்திரம் ஏற்கவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், ஏற்கவில்லை. தலைமுடியில் தேய்த்துவிட்டு வைத்தார், ஏற்கவில்லை. “பாட்டி, கட்டை விரல வைங்க… அழுத்தாதீங்க, சும்மா வைங்க” என்றார் விற்பனையாளர். பிறகு கருவிழிக் கருவியைக் கண்ணருகே பிடித்தார்கள். கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட கண் அது, உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பின்னாலிருந்து, “அதான் தெரிஞ்ச பாட்டிதானேம்மா, போட்டுவிட வேண்டியதுதானே” என்று ஒருவர் குரல் கொடுத்தார். “மெஷினுக்குத் தெரியணுமே அண்ணே” என்று விற்பனையாளர் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். கடைசியில் வேறொரு விரலில் வேலை நடந்தது. பாட்டி வாங்கியது இரண்டு பொருள். அதற்குள் வரிசை தெருமுனை வரை போயிருந்தது.

2020 அக்டோபரில் விரல் ரேகை முறை வந்தபோது சொல்லப்பட்ட நோக்கம் சரியானதுதான். அதற்கு முன்பு, கடைக்கே போகாதவரின் கைப்பேசிக்கு ‘அரிசி பெற்றுக்கொண்டீர்கள்’ என்று குறுஞ்செய்தி வரும் அதிசயம் நடந்துகொண்டிருந்தது; இப்போது அது பெரிதும் குறைந்திருக்கிறது. எடையும் முன்பைவிட ஒழுங்காக இருக்கிறது. நான் வாங்கிய அரிசியை வீட்டுக்கு அருகிலுள்ள மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், குறையவில்லை. ஆனால் இந்தக் கறார் எல்லாம் கடையின் மேசையில்தான் தொடங்குகிறது. கிடங்கிலிருந்து வரும் மூட்டைகள் ஐம்பது கிலோ என்று எழுதப்பட்டிருந்தாலும் எடை குறைந்தே வருகின்றன என்று ஊழியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. கடையில் சரியான எடையில் கொடுக்கும் விற்பனையாளர், வந்ததிலேயே குறைந்ததை எங்கிருந்து ஈடுகட்டுவார் என்று இயந்திரம் கேட்பதில்லை. பொருள்களைப் பொட்டலமாகவே கொடுத்துவிடுங்கள், கூட்டுறவு, உணவு, பொருள்களைக் கொள்முதல் செய்து தரும் நுகர்பொருள் வாணிபக் கழகம் என்று பல துறைகளுக்குப் பதில் சொல்லவைக்காமல் எங்களை ஒரே துறையின் கீழ் கொண்டுவாருங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கை. இரண்டுமே வாடிக்கையாளருக்கும் நல்லது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்று விற்பனையாளரைச் சாடுவது எளிது; இங்கே பூசாரிக்கு அளந்து கொடுத்த வரமே குறைவு.

விற்பனையாளர்மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. உப்பு, டீத்தூள், சோப்பு போன்ற, மானியத்தில் சேராத கட்டுப்பாடற்ற பொருள்களை வாங்கினால்தான் பருப்பு என்கிற தோரணை இன்னும் முழுதாகப் போகவில்லை. வேண்டாம் என்று அழுத்திச் சொன்னால் விட்டுவிடுகிறார்; சொல்லத் தெரியாதவர்கள் ஒரு பாக்கெட் உப்போடு போகிறார்கள். கூட்டுறவுச் சங்கம் வைத்த விற்பனை இலக்கு அவரை நெருக்குகிறது என்பதை அறிவேன். அந்த நெருக்கலைக் கூலிவேலைக்காரர் பையில் இறக்குவது சரியல்ல.

இந்தக் கடையின் நிறைகுறைகளுக்கும் மாநில அரசியலுக்கும் உள்ள தொடர்பைப் பார்க்காமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. அரிசி இங்கே எப்போதுமே வாக்கைத் தீர்மானித்திருக்கிறது. 1952-இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதற்காக ராஜாஜி பாராட்டப்பட்டார். அறுபதுகளின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு காங்கிரஸ் ஆட்சியின் காலை வாரியது. 1967-இல் ‘ரூபாய்க்கு மூன்று படி’ என்ற முழக்கத்தோடு தி.மு.க. ஆட்சியைப் பிடித்து, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுத்தது. 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. 2008 செப்டம்பரில் கருணாநிதி கிலோ ஒரு ரூபாய் என்றார். 2011 ஜூனில் ஜெயலலிதா அந்த ஒரு ரூபாயையும் எடுத்துவிட்டார். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தபோது, ஏழை யார் என்று வடிகட்டச் சொன்ன அந்த ஏற்பாட்டைத் தமிழகம் மூன்றாண்டு இழுத்தடித்து, 2016 நவம்பரில் அனைவருக்கும் பொது என்ற தன் முறையைக் கைவிடாமலே அதில் சேர்ந்தது. அட்டையில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்றும் என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றும் வேறு வேறு குறியீடு அச்சாகியிருந்தும், எங்கள் கடை மேசைக்கு முன்னால் இரண்டு அட்டைக்கும் அரிசி கிடைப்பது அதனால்தான். ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் உணவு மானியமாகப் போகிறது. எந்தக் கட்சி வந்தாலும் கைவைக்கத் துணியாத செலவு இது. தி.மு.க., அ.தி.மு.க. என்ற இரண்டு கட்சிகளும் போட்டி போட்டதால் மக்களுக்குக் கிடைத்த நன்மை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

அதே போட்டிதான் கடையைக் கவனிக்காமலும் விட்டிருக்கிறது என்பது என் முடிவு. விலைக் குறைப்பை மேடையில் அறிவிக்கலாம், பணத்தை உறையில் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். காலியாகக் கிடக்கும் கட்டுநர் இடத்தை நிரப்பினால் கைதட்டல் விழாது. பொங்கல் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் தேர்தலுக்கு முந்தைய பொங்கலுக்கு அட்டைக்கு 2,500 ரூபாய், 2022-இல் பணத்துக்குப் பதிலாக 21 பொருள்கள், அவற்றில் வெல்லம் ஒழுகியது என்ற புகார் மாநிலம் முழுதும் எழுந்தது, அடுத்த பொங்கலுக்கு ஆயிரம் ரூபாய், முதலில் பட்டியலில் இல்லாத கரும்பும், விவசாயிகள் போராடிய பிறகு, அதில் சேர்ந்தது, 2024-இலும் ஆயிரம், 2025-இல் பணம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் மார்கழி பிறந்ததும் கடையில் நடக்கும் பேச்சு இது ஒன்றுதான். அந்த வாரங்களில் விற்பனையாளர் வீடு வீடாக டோக்கன் கொடுக்கப் போய்விடுகிறார், வழக்கமான பொருள் வழங்கல் தள்ளிப்போகிறது. கொரோனாக் காலத்து நிவாரணப் பணமும் இதே மேசையில்தான் எண்ணப்பட்டது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பமும் டோக்கனும் இதே ஊழியர்கள் கையால்தான் வீடுகளுக்கு வந்தன. அந்த விண்ணப்பங்கள் சரிபார்க்கப்பட்ட காலத்தில் புதிய அட்டை வழங்கலே நின்றுபோனது; புதிதாகத் திருமணமாகித் தனிக்குடித்தனம் போன பிள்ளைகள் மருத்துவக் காப்பீட்டுக்குக்கூட அட்டையில்லாமல் அலைந்தார்கள். 2024 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் பருப்பும் பாமாயிலும் கடைக்கு வந்து சேரத் தாமதமாகி, மே மாதப் பொருளை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவிக்கவேண்டியதாயிற்று. அரசு சொல்லும் எல்லாவற்றையும் மக்களிடம் கொண்டுசேர்க்கும் வாசல் இது என்பதில் அரசுக்குச் சந்தேகமில்லை. அந்த வாசலில் இன்னும் ஒரே ஒருவர்தான் நிற்கிறார்.

நல்ல மாற்றம் என்று மனமாரச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கியபோது, 70 வயது கடந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறுகளில் வீட்டு வாசலுக்கே வண்டியில் பொருள் வந்தது. எங்கள் தெருவில் வண்டி வந்து நின்றதும் தராசை இறக்கி, திண்ணையிலேயே ரேகை வாங்கி, அரிசியை நேரே குதிருக்குள் கொட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கூடவே வந்தவர் அதே விற்பனையாளர்தான் என்பதால், கடை வேலை அவருக்காகக் காத்திருந்தது என்பது வேறு விஷயம். திட்டம் நல்லது, ஆளைக் கூட்டாமல் வேலையை மட்டும் கூட்டினால் இது எத்தனை மாதம் இதே ஒழுங்கோடு நடக்கும் என்பதைப் பார்க்கவேண்டும்.

புதிதாக இந்தப் பகுதிக்குக் குடிவந்தவர்கள் கேட்பதால் நடைமுறையாகச் சில சொல்கிறேன். மாதத்தின் முதல் சில நாள்களில் போகாதீர்கள். பருப்பும் பாமாயிலும் அநேகமாக அப்போது வந்திருக்காது, அரிசிக்கு ஒருமுறை, எண்ணெய்க்கு ஒருமுறை என்று இரண்டு நடை நடக்கவேண்டிவரும். பத்தாம் தேதிக்குப் பிறகு, மதிய இடைவேளை முடிந்து கடை திறக்கும் நேரம் கூட்டம் குறைவு. அட்டையில் பதிந்த கைப்பேசி எண் பழையதாக இருந்தால் உடனே மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பேரில் என்ன பில் விழுந்தது என்பதே தெரியாமல் போகும். பெற்றோருக்கு விரல் ரேகை விழாவிட்டால், வேறொருவர் வாங்கிக்கொள்வதற்கான படிவம் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள். புகார் சொல்லவேண்டுமானால் கட்டணமில்லாத எண் 1967. ஆட்சியை மாற்றிய ஆண்டையே புகார் எண்ணாக வைத்தது தற்செயல்தான், நாடு முழுவதற்கும் அதே எண். சர்க்கரைக்கு மூடியுள்ள டப்பா ஒன்று கையோடு கொண்டுபோங்கள். உப்பு வேண்டாமென்றால் ரேகை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.